தலைத்துண்டு கட்டிய முகம்

எங்கள் வீட்டில் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. போனை விரலால் திறப்பதா, முகத்தால் திறப்பதா என்பதுதான் அது. நான் விரல் கட்சி. வீட்டுக்காரர் முகக் கட்சி. அவர் ஜீப் ஓட்டுகிறவர். மூணாறுக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தேவிகுளம், சின்னக்கானல் என்று மலையெல்லாம் சுற்றிக் காட்டுவது வேலை. கையெல்லாம் கிரீஸ் இருக்கும்போது விரல் எப்படி உதவும் என்று கேட்பார். மத்தியானம் நீங்கள் தூங்கும்போது உங்கள் முகத்துக்கு நேரே போனைக் காட்டினால் போதுமே, எல்லா ரகசியமும் வெளியே வந்துவிடுமே என்று நான் கேட்பேன். "காட்டித்தான் பாரேன். உள்ள யானை வீடியோ தவிர ஒண்ணும் இல்ல" என்பார். ஒருநாள் காட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

விரல்மேல் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் என் தொழில். தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினால் கடைசி பெஞ்சு வரைக்கும் அடங்கும். அதே விரலை வைத்தால் போனும் சத்தம் காட்டாமல் திறந்துகொள்கிறது. முகத்தை நம்ப எனக்கு மனசு வரவில்லை. காலையில் ஒரு முகம், ஏழாம் வகுப்புக்குள் போய்விட்டு வந்தபின் வேறொரு முகம். இதை நம்பி யாராவது பூட்டுப் போடுவார்களா?

இந்த வழக்கில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவள் என் தங்கை.

என்னைவிட ஒன்றரை வயது இளையவள். சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறாள். குடியிருப்பது எஸ்டேட் லயத்தில். நாங்கள் பிறந்து வளர்ந்ததும் அதே லயத்தின் அதே வீட்டில்தான். லயம் என்றால் பத்து வீடு ஒட்டிக்கொண்டு ஒரே வரிசை, இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒற்றைச் சுவர். இந்த வீட்டில் பிள்ளை தும்மினால் அந்த வீட்டிலிருந்து 'நூறு' என்று சத்தம் வரும். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். அப்படி ஓரிடத்தில் ஐம்பது வயதை நெருங்கியவளுக்கு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவள் மூத்த மகன் ஒரு போன் வாங்கி அனுப்பினான். பூட்டுப் போடக்கூடிய சொத்து என்று அவளுக்கு முதன்முதலில் வாய்த்தது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "யாரு எடுத்தாலும் தொறக்கக் கூடாது. எனக்கு மட்டும் தொறக்கணும். அப்படி வெச்சுக் குடு" என்றாள்.

நான் விரல் கட்சியாயிற்றே. முதலில் அவள் வலது கைப் பெருவிரலை வைக்கச் சொன்னேன். 'மறுபடி முயலவும்' என்றது. ஆள்காட்டி விரல். மறுபடி முயலவும். துடைத்துவிட்டு வைக்கச் சொன்னேன், எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிவிட்டு வைக்கச் சொன்னேன், இடது கைக்குப் போனேன். பத்து விரலையும் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கடைசியில் போனைச் சனியனே என்று திட்டிவிட்டேன். ஆனால் திட்ட வேண்டியது போனை இல்லை. அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்தேன். கொழுந்தின் கறை ஏறி நுனியெல்லாம் கறுத்திருந்தது. கறுப்புக்கு நடுவில் சிறு சிறு வெடிப்புகள். வெடிப்பு இல்லாத இடம் வழவழவென்று இருந்தது. இப்போது கத்திரி வைத்து வெட்டுகிறார்கள்தான். அதற்கு முன் இருபத்தைந்து வருஷம் கையால் கிள்ளியதில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை.

அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. "ரேஷன் கடை மெசின்லயும் இதே கததான்க்கா. என்னயக் கண்டாலே கடக்காரரு எந்திரிச்சுப் போயி டீ குடிச்சிட்டு வருவாரு. அதுக்குள்ள ஒரு வெரலாவது விழுந்துரும்னு" என்று சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். "உன் வெரல வையி."

"என் விரல் எதுக்கு? உனக்கு மட்டும் திறக்கணும்னே?"

"ஒரு வெரலாவது இருக்கட்டும். நமக்குள்ள என்ன?"

வைத்தேன். என் ஆள்காட்டி விரலை உடனே எடுத்துக்கொண்டது. ஒரு கோடு விடாமல் பதிந்துவிட்டது என்று பச்சை வட்டம் போட்டுக் காட்டியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன்.

எனக்கு இருபது வயது நடக்கும்போது அம்மாவுக்கு மூட்டு போய்விட்டது. சரிவில் ஏற முடியாது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விடுகிறவருக்குப் பதிலாக அந்த வீட்டிலிருந்து ஒருவர் பேர் பதிந்தால் வீடு அவர்களுக்கே இருக்கும். யாரும் பதியாவிட்டால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். எனக்கு அந்த மாதம்தான் பாலக்காட்டுப் பக்கம் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. தங்கைக்குப் பதினெட்டு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்பில் என்னைவிட நல்ல மார்க் எடுத்தவள் அவள். ஒரு காலையில் கங்காணி வாசலில் வந்து நின்று, யார் பேரைப் பதிய என்று கேட்டார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தகரப் பெட்டிக்குள் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடித்தேன். நிமிரவில்லை. தங்கை அம்மாவின் தலைத்துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, கங்காணியின் பின்னால் போய்விட்டாள்.

அடுத்த வாரம் நான் பயிற்சிக்காகக் கொழிஞ்சாம்பாறையில் இருந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் "ஏனுங்க, எங்கீங்க எறங்கோணும்?" என்று கேட்டபோது என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்துச் சண்டைக்குப் போனேன். அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள் என்று அறைத்தோழி சொன்னபின்தான் அடங்கினேன். இரண்டு வருஷம் அங்கே நன்றாகத்தான் இருந்தேன். படித்தேன், வேலைக்கு வந்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். குறை என்று ஒன்றும் இல்லை. அந்தக் காலையைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. பேசாமல் இருப்பதே நல்லது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

சரி, போனுக்கு வருகிறேன்.

விரல் பதிவதற்கு முன்னால் நாலு எண் போடச் சொல்லும். அதை அவளே போட்டாள். முந்தானையைப் போனுக்கு மேல் போர்த்திக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் புள்ள இப்படி என்று கேட்டேன். "வெரலு உன் கையிலயே கெடக்கும். நம்பரு நாலு வாய்க்குப் போயிரும்" என்றாள். பெற்ற மகளுக்கும் அந்த எண் தெரியாது. மகள் ஒருநாள் நைசாகக் கேட்டுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த மாசி மாதத்தில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. இருபத்தைந்து நாள் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். மோரும் இளநீரும் கொடுத்து, வேலை ஒன்றும் செய்யவிடாமல் உட்கார வைத்தேன். அவளுக்கு அது பெரிய தண்டனை. இருபதாவது நாளோ என்னவோ, குளியலறைக்குள் இருந்த என்னை "அக்கா! அக்கா!" என்று கத்திக் கூப்பிட்டாள். ஏதோ ஆகிவிட்டது என்று ஈரத்தலையோடு ஓடி வந்தேன். வலது கைப் பெருவிரலை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "பாரு, பாரு, வந்துருச்சு பாரு!" சன்னலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கறை வெளுத்திருந்தது. பென்சிலால் லேசாக வரைந்த மாதிரி வளைவு வளைவாக ரேகை தெரிந்தது. சும்மா உட்கார வைத்தால் ரேகை திரும்பி வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. போனில் வைத்தோம். முணுமுணுக்காமல் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு அவள் பூட்டிப் பூட்டித் திறந்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பாக வந்தது.

உடம்பு தேறி வேலைக்குப் போனாள். பத்து நாள் கழித்து போன் அவள் விரலை மறுபடி வேண்டாம் என்றது.

அதற்குப் பிறகுதான் அவள் முகக் கட்சிக்குப் போனாள். ஒரு சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தாள். தலைத்துண்டு புருவம் வரைக்கும் இறக்கி, காதை மூடி, பிடரியில் முடிச்சுப் போட்டிருந்தது. நல்ல குளிர். என் வீட்டுக்காரர் அன்று ஊரில் இருந்தார். முகத்தைப் பதிய வைப்பது தன்னுடைய பொறுப்பு என்று முன்னால் வந்துவிட்டார். வழக்கில் தனக்கு ஒரு சாட்சி கிடைத்த சந்தோஷம் அவருக்கு. துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார் என்று நான் சொன்னேன். "காது வலிக்கும்க்கா. வருசத்துல முந்நூறு நாளு இதுதான என் மூஞ்சி" என்றாள். அதுவும் சரிதான் என்று அவர் பதிந்துவிட்டார். பதிகிறபோது, உங்களைப் போல் இருக்கும் வேறொருவரும் திறந்துவிடக்கூடும் என்று போன் எச்சரித்தது. அவர் அதை உரக்கப் படித்தார். உடனே சோதித்துப் பார்த்தோம். நான் முகத்தைக் காட்டினேன். திறக்கவில்லை.

"எங்க தொறக்கும்? அக்காளுது வாத்தியாரம்மா மூஞ்சிலா" என்றாள் தங்கை.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு உள்ளே சுருக்கென்றது. சின்ன வயதில் எங்களைப் பார்க்கிறவர்கள் இரட்டைப் பிள்ளையா என்று கேட்பார்கள்.

அந்த முகப் பதிவு செய்த கூத்தைச் சொல்லி முடியாது. மலையில் நன்றாக வேலை செய்தது. லயத்துக்கு வந்து குளித்துத் தலை சீவினால் அவளை யாரென்று அதற்குத் தெரியவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ என்று வந்தாள். பந்தியில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தலையில் கட்டி, போனைத் திறந்து, மாப்பிள்ளை பெண்ணைப் போட்டோ எடுத்துவிட்டு, மறுபடி துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இலைக்காரர் சாம்பாரை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு இல்லாமல் இன்னொரு தடவை பதிந்துகொள்ளலாமே என்றேன். "சாரமில்ல. இதுவும் நல்லாத்தான் இருக்கு. துண்டு இல்லாம எவனும் தொறக்க முடியாதுல்லா" என்றாள். மலையாளத்துக்காரர்களோடு பழகிப் பழகி எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் சாரமில்லைதான். பரவாயில்லை என்பதைவிட அதில் கொஞ்சம் தைரியம் கூடுதல்.

இனி அந்த மழை நாளைச் சொல்கிறேன்.

தங்கையின் கடைசி மகள் நர்ஸிங் படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். முதல் இரண்டு பட்டியலில் பேர் வரவில்லை. மூன்றாவதில் வரும், அதுவே கடைசி என்றார்கள். இடம் வந்தால் அன்று மாலை நாலு மணிக்குள் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கிடைக்காது என்றே முடிவு செய்து பிள்ளை திருப்பூருக்கு அண்ணனிடம் போயிருந்தாள். அவன் கம்பெனியிலேயே ஒரு தையல் மெஷின் அவளுக்குப் பேசி வைத்தாகிவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டியது. உறுதி செய்வதற்கான எண் விண்ணப்பத்தில் கொடுத்த போனுக்குத்தான் வரும். விண்ணப்பத்தில் கொடுத்தது தங்கையின் எண். லயத்துப் பக்கம் மழையில் டவர் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. அதனால் தங்கை முந்தின நாள் மாலை போனைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள்.

"நம்பர் வந்தா புள்ளைக்குச் சொல்லிரு. உன் வெரலு இருக்கு, பொறகென்ன?"

"நீ ஒரு நாள் லீவு போட்டுட்டு இங்கேயே இரேன்."

"நீ இருக்கேல்லா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். எஸ்டேட்டுக்கு அந்த விடுமுறை கிடையாது. நான் சந்தோஷமாக மத்தியானம் தோசை சுட்டேன். எனக்கு எதிலும் அவசரம். கல்லின் விளிம்பில் ஆள்காட்டி விரலை நன்றாக அழுத்திவிட்டேன். பளபளவென்று ஒரு கொப்புளம் எழுந்தது. தண்ணீரில் நனைத்து, மருந்து போட்டு, துணி சுற்றிக்கொண்டு தோசையைச் சாப்பிட்டு முடித்தேன். எந்த விரலைச் சுட்டுக்கொண்டேன் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

மூன்று மணி தாண்டித் திருப்பூரிலிருந்து தங்கை மகள் என் போனுக்குக் கூப்பிட்டாள். "பெரியம்மா! கிடைச்சிருச்சு! லிஸ்ட்ல பேரு வந்துருச்சு!" பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. "இப்ப அழுத்துறேன். அம்மா போனுக்கு ஆறு நம்பர் வரும். பத்து நிமிசம்தான் செல்லும். சீக்கிரம் சொல்லுங்க."

தங்கையின் போன் டிங் என்றது. திரையில் 'ஒரு செய்தி' என்று மட்டும் தெரிந்தது. செய்தி என்ன என்பதைப் பூட்டைத் திறக்காமல் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவள் வைத்திருந்தாள். அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன்.

துணியைப் பிய்த்துப் போட்டேன். கொப்புளத்தோடு வைத்தேன். மறுபடி முயலவும். வலியைப் பொறுத்துக்கொண்டு அழுத்தி வைத்தேன், சாய்த்து வைத்தேன், பக்கவாட்டில் வைத்தேன். ஐந்து தடவைக்குப் பிறகு, முப்பது விநாடி காத்திரு என்றது. மற்ற ஒன்பது விரலும் நன்றாகத்தான் இருந்தன, பதிந்தது அந்த ஒன்றுதான். ஒரு விரலோடு நிறுத்தியவளும் நான்தான். பூட்டின் நாலு எண்ணைக் கேட்கலாம் என்றால் தங்கை மலையில் இருக்கிறாள். எஸ்டேட் மேற்பார்வையாளரின் எண்ணுக்கு அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வீட்டுக்காரர் வண்டியோடு போயிருந்தார். சிம் கார்டைக் கழற்றி என் போனில் போட்டிருக்கலாமே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் தோன்றியிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

முதல் எண் காலாவதியாகிவிட்டது. இரண்டாவதும் போனது. "பெரியம்மா, இன்னும் ஒரு தடவதான் அனுப்பும். மணி மூணு நாப்பது" என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அழவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. "கிடைக்கலன்னா பரவால்ல பெரியம்மா, நீங்க பதறாதீங்க" என்றாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் அம்மாவும் அப்படித்தான், பறிகொடுத்துவிட்டு நம்மைச் சமாதானப்படுத்துவாள். ஒரு வீட்டில் இரண்டு தடவை இது நடக்கக் கூடாது என்று நினைத்தேன். வாய்விட்டே சொன்னேன்.

"நான் சொன்ன பிறகு அழுத்து" என்று சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரரின் துண்டை உருவினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று தலையில் கட்டினேன். வாழ்க்கையில் அதற்கு முன் நான் தலைத்துண்டு கட்டியதில்லை. போனைக் காட்டினேன். திறக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன். நெற்றியில் பெரிய பொட்டு இருந்தது, அவள் வைப்பது கடுகளவு. துடைத்தேன். துண்டைப் புருவம் வரைக்கும் இறக்கிக் காதை மூடி இறுக்கி முடிச்சுப் போட்டேன். மறுபடி காட்டினேன். திறக்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். துண்டு சரியாகத்தான் இருந்தது. கண்கள் வகுப்பில் நிற்கிற கண்களாக இருந்தன, யாரைப் பிடிக்கலாம் என்று பார்க்கிற கண்கள். தங்கை அப்படிப் பார்க்க மாட்டாள். மலையில் மூடுபனிக்கும் பளீரென்ற வெயிலுக்கும் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, சும்மா இருக்கும்போதும் அவளுக்குக் கண் ஓரம் சுருங்கித்தான் இருக்கும். வாயை லேசாக இறுக்கி வைத்திருப்பாள், முதுகில் பாரம் இருக்கிறவர்கள் வைத்திருப்பதுபோல. நானும் கண்ணைச் சுருக்கினேன். வாயை இறுக்கினேன். கண்ணாடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கங்காணி வந்த காலையில் நான் நிமிர்ந்திருந்தால் முப்பத்தொரு வருஷம் எனக்கு இருந்திருக்க வேண்டிய முகம் இதுதான்.

போனைத் தூக்கினேன். திறந்துகொண்டது.

"அழுத்து!" என்று கத்தினேன். டிங் என்றது. ஆறு எண்ணையும் வகுப்பில் ஒப்பிக்கிறவள் மாதிரி இரண்டு தடவை சொன்னேன். பிறகு அவள் அண்ணனும் அவளும் சேர்ந்து போட்ட கூச்சலில் காது அடைத்துப்போயிற்று. அவர்கள் வைத்த பிறகு நான் தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சந்தோஷம்தான். அதோடு வேறொன்றும் சேர்ந்திருந்தது.

தங்கை வரும்போது ஐந்தரை இருக்கும். உடம்பில் சுற்றிய மேல்சாக்கும் பிளாஸ்டிக் தாளும் சொட்டச் சொட்ட வாசலில் நின்றவள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நான் துண்டை அவிழ்க்கவில்லை. அவிழ்க்கத் தோன்றவில்லை.

"என்னக்கா இது கோலம்?"

"சீட் உறுதியாயிட்டு புள்ள."

அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கறுத்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, என் விரலையும் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நடந்ததை ஊகித்துக்கொண்டாள். சிரிக்க ஆரம்பித்தாள். எழுந்து வந்து, "இப்படியா கட்டுறது? காத்து பூரா உள்ள போவும்" என்று முடிச்சை அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டாள். அவள் கை என் பிடரியில் இருக்கும்போது சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது.

"அன்னைக்கு கங்காணி வந்து கேட்டப்ப நான் பேசாம இருந்தேன்லா."

"ஆமா. சேலய மடிச்சுக்கிட்டு இருந்தே."

"உனக்கு என்மேல கோவமா?"

"வராம இருக்குமா?" கை நிற்கவில்லை, முடிச்சை இறுக்கியது. "நல்லா இருந்துச்சு. நீ முத லீவுக்கு வந்தப்ப உன் பெட்டியத் தூக்கி ஓடையில எறிஞ்சிருவோம்னு இருந்துச்சு. பொறவு புள்ளைக வந்துச்சு, கோவத்துக்கு நேரம் இல்ல. நீ மலைக்கு வந்திருந்தாலும் நெலச்சிருக்க மாட்டே. உன் கோவத்துக்கு ஒரே மாசத்துல கங்காணிய அடிச்சிருப்பே. வேலயும் போயிருக்கும், வீடும் போயிருக்கும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் போவட்டும். நீ ஒரு வார்த்த கேப்பேன்னு பாத்தேன். முத வருசம் கேப்பேன்னு பாத்தேன். அம்மா செத்தப்ப கேப்பேன்னு பாத்தேன். காமாலையில இங்கன கெடந்தேன்லா, அப்பக்கூடக் கேப்பேன்னு பாத்தேன்."

அவள் பேசாமல் இருந்ததை, மறந்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வசதியாக இருந்தது. திரும்பி அவளை நேராகப் பார்த்தேன். துண்டு கட்டிய இரண்டு பேர் முகத்துக்கு முகம் நின்றோம்.

"மன்னிச்சிரு புள்ள" என்றேன்.

"சரி" என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்க எனக்கு முப்பத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது.